கண் சொன்ன எழுபது மைல்

2008 ஜூலை 3. அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள். ஒஹாயோ மாநிலத்தில் அக்ரன் நகரை ஒட்டிய காப்லி பகுதியில், மாநில நெடுஞ்சாலை 21-இன் ஓரம் ரோந்து காரை நிறுத்திவிட்டு வண்டிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார் உள்ளூர்க் காவல் அதிகாரி ஒருவர். அங்கே வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர். ஒரு எஸ்.யூ.வி. வந்தது. பார்த்ததும் அதன் வேகம் 70 மைல் இருக்கும் என்று கண்ணாலேயே கணித்தார். கையில் ரேடாரும் இருந்தது. அது 80-ஐத் தாண்டிய எண்ணைக் காட்டியது. வண்டியை நிறுத்தி அபராதச் சீட்டைக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட சீட்டுகள் அந்த நாட்டில் தினமும் ஆயிரக்கணக்கில் எழுதப்படுகின்றன. வாங்கியவர்கள் முனகிக்கொண்டே பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த ஓட்டுநர் கட்டவில்லை, எதிர்த்து வழக்காடினார். பார்பர்டன் நகராட்சி நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், அப்புறம் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 2010 ஜூன் 2 அன்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு பிடிக்காமல் அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஒரு சாதாரண அபராதச் சீட்டுக்குப் பின்னால் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

ஓட்டுநரின் பெயர் வழக்கின் தலைப்பிலேயே இருக்கிறது. அவர் தனி மனிதர், நமக்கு அந்தப் பெயர் தேவையில்லை. இங்கே பார்பர்டன் வழக்கு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ரேடார் எப்படி விழுந்தது

ரேடார் காட்டிய எண் இருக்கும்போது வழக்கில் என்ன சிக்கல் என்று தோன்றலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

காவல்துறை ரேடார் வேலை செய்வது டாப்ளர் விளைவின் அடிப்படையில். கருவி அனுப்பும் அலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது, அந்த மாற்றத்திலிருந்து வேகம் கணக்கிடப்படுகிறது. அமெரிக்க நீதிமன்றங்கள் இதைப் பார்த்து ஆரம்பத்தில் தயங்கின. ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு மின்னணு நிபுணரைக் கூண்டில் ஏற்ற வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1958-இல் ஈஸ்ட் கிளீவ்லாந்து வழக்கு ஒன்றில் அதற்குப் பதில் சொன்னது: எக்ஸ்ரே படத்தையும் புகைப்படத்தையும் எப்படி ஏற்கிறோமோ அப்படியே ரேடாரையும் ஏற்கலாம், அதன் அறிவியலை ஒவ்வொரு முறையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் கருவி சரியாக வேலை செய்ததா, இயக்கியவர் முறையாகப் பயின்றவரா என்பதை அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். பணி தொடங்கும் முன் இசைக்கவை (tuning fork) ஒன்றைத் தட்டி ரேடாருக்கு எதிரே பிடித்து, அது குறிப்பிட்ட எண்ணைக் காட்டுகிறதா என்று சோதிப்பது அங்கே வழக்கம். கூண்டில் அதையும் கேட்பார்கள்.

இந்தக் கேள்விகள் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் 1979-இல் மயாமியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் எடுத்துக் காட்டிய காட்சியில், போலீஸ் ரேடார் ஒரு பனைமரத்தை மணிக்கு 86 மைல் வேகத்திலும், ஒரு வீட்டை 28 மைல் வேகத்திலும் போவதாகக் காட்டியது. அதே ஆண்டில் அந்த ஊர் நீதிபதி ஆல்ஃபிரட் நெஸ்பிட், அப்போது பயன்பாட்டில் இருந்த முறையில் ரேடார் அளவீடு ஐயத்துக்கு இடமின்றி நம்பத்தக்கது அல்ல என்று தீர்ப்பளித்தார். கருவிகள் பிறகு எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனாலும் பனைமரக் கதை வழக்கறிஞர்கள் வட்டாரத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பார்பர்டன் வழக்கில் ரேடார் விழுந்தது பனைமரத்தால் இல்லை, ஒரு காகிதத்தால். ரேடாரை இயக்கத் தாம் பயிற்சி பெற்றவர் என்பதற்கான சான்றிதழின் நகலை அதிகாரியால் காட்ட முடியவில்லை. அதனால் ரேடார் எண்ணை வைத்துத் தண்டிக்க வழியில்லாமல் போனது. எதிர்த்தரப்புக்கு இது பெரிய வெற்றி. நம் ஊர் வழக்கறிஞராக இருந்தால் அந்த இடத்திலேயே கட்சிக்காரரைப் பார்த்து 'முடிஞ்சது, கவலைப்படாதீங்க' என்று கண்ணைக் காட்டியிருப்பார்.

முடியவில்லை. அதிகாரியின் கண் மிச்சமிருந்தது.

கண்ணின் தகுதி

ஒஹாயோ காவலர் பயிற்சிக் கழகத்தில் வேகத்தைக் கண்ணால் கணிக்கக் கற்றுத்தருகிறார்கள். பயிற்சியை முடிக்க வேண்டுமானால், ஒரு வண்டியின் உண்மையான வேகத்திலிருந்து 3, 4 மைலுக்கு மேல் விலகாமல் கணித்துக் காட்ட வேண்டும். அந்தப் பயிற்சியில் தேறியவன், அதைக் களத்தில் பலமுறை செய்திருக்கிறேன் என்று அதிகாரி சாட்சி சொன்னார். அது போதும் என்றது விசாரணை நீதிமன்றம். 60 மைல் சாலையில் 70 மைல் போனதாகத் தீர்ப்பு எழுதப்பட்டது. ஒன்பதாம் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 மைல் வேகத்தில் வரும் வண்டி 100 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3.7 வினாடி ஆகும். 70 மைல் வேகத்தில் 3.2 வினாடி. வித்தியாசம் அரை வினாடி. பழகிய கண்ணுக்கு அது பிடிபடும் என்பதை நான் மறுக்கவில்லை. ரயில்வே கேட்டருகே கடை வைத்திருப்பவருக்கு வருவது எக்ஸ்பிரஸா பாசஞ்சரா என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். ஆனால் அந்தக் கடைக்காரரிடம் 'மணிக்கு எத்தனை கிலோமீட்டர்' என்று கேட்டால் சிரிப்பார். வேகமாகப் போகிறது என்று உணர்வதும் அதற்கு ஒரு எண் கொடுப்பதும் வேறு வேறு வேலைகள். அதிலும் வண்டி பக்கவாட்டில் கடந்து போகும்போது கணிப்பது ஓரளவு எளிது. நேர் எதிரே வரும்போது அதன் உருவம் பெரிதாகிக்கொண்டே வருவதை மட்டும் வைத்துக் கணிக்க வேண்டும், அது கடினம்.

சரி, கண் தவறக்கூடியது என்பதை எல்லோரும் சொல்வார்கள். இந்த வழக்கில் என்னை உறுத்துவது வேறு ஒன்று.

அதிகாரியின் கண் 70 என்றது. அவரது ரேடார் 80-க்கு மேல் என்றது. இரண்டுக்கும் இடையே 10 மைலுக்கும் அதிகமான இடைவெளி. பயிற்சியில் அனுமதிக்கப்படும் பிழையோ 3, 4 மைல். அப்படியானால் அன்று இரண்டில் ஏதோ ஒன்று தவறியிருக்கிறது. ரேடார் சரி என்றால் கண் பயிற்சித் தேர்விலேயே தோற்றிருக்கும். கண் சரி என்றால் ரேடார் வேறெதையோ அளந்திருக்கிறது.

அமெரிக்காவில் ரேடார் பயிற்சி பெறும் காவலர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடமே இதைத்தான் தொடுகிறது. முதலில் கண்ணால் கணி. பிறகு ரேடாரின் ஒலியைக் கேள், வண்டி வேகமாக வந்தால் ஒலி கூர்மையாகும். கடைசியாகத் திரையில் எண்ணைப் பார். மூன்றும் ஒத்துப்போனால்தான் சீட்டு எழுது, ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவீட்டைக் கைவிடு. ரேடாரின் கற்றை விரிந்து போவது, அது எந்த வண்டியைப் பிடித்தது என்று கருவி தானாகச் சொல்லாது. அதைச் சொல்வது கண். கண்ணுக்கு ரேடார் சாட்சி, ரேடாருக்குக் கண் சாட்சி என்று ஒன்றையொன்று தாங்கி நிற்பதாகத்தான் இந்த முறையே அமைந்திருக்கிறது. இங்கே ஒன்றை வழக்கிலிருந்து எடுத்துவிட்டு, மற்றதைத் தனியாக நிறுத்தித் தீர்ப்பு எழுதினார்கள்.

அப்படியானால் ஓட்டுநர் தரப்பு அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு குறுக்கு விசாரணையில் அதிகாரியைத் திணறடித்திருக்கலாமே? அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதிகாரியின் கண் தப்பு என்று காட்ட ஒரே வழி ரேடார் எண்ணை நினைவுபடுத்துவது. அந்த எண்ணோ உங்கள் கட்சிக்காரர் இன்னும் வேகமாகப் போனதாகச் சொல்கிறது. 'ஐயா, இவர் 70 என்கிறார், ஆனால் இவருடைய ரேடாரே 80-க்கு மேல் என்கிறது, ஆகவே இவர் கண்ணை நம்ப முடியாது' என்று எந்த முகத்தோடு வாதிடுவது? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், வலித்தாலும் கத்த முடியாது. ரேடாரை வெளியே தள்ளிய வெற்றி, கண்ணைச் சோதிக்க இருந்த ஒரே அளவுகோலையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டது.

போதுமா, நம்பலாமா

ஒஹாயோ உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி மொரீன் ஓ'கானர். அடுத்த ஆண்டு அதே நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதியானவர். ஐந்து பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம்.

தீர்ப்பின் சாரம் இது: காவல் அதிகாரி பயிற்சி பெற்றவராக, ஒஹாயோ காவலர் பயிற்சிக் கழகமோ அது போன்ற அமைப்போ சான்றளித்தவராக, வேகத்தைக் கண்ணால் கணிப்பதில் அனுபவம் உள்ளவராக இருந்தால், எந்தக் கருவியின் துணையும் இல்லாத அவருடைய கணிப்பே வேக வரம்பு மீறலுக்குத் தண்டிக்கப் போதுமான சான்று. தனியாகச் சரிபார்க்க வேண்டியதில்லை.

செய்தித்தாள்கள் இதை 'போலீஸ்காரர் சொன்னால் போதும்' என்று எழுதின. மக்கள் கொதித்தார்கள். ஆனால் தீர்ப்பை அப்படி ஒரே வரியில் சுருக்கிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டில் ஒரு சான்று 'போதுமானதா' என்று பார்ப்பது ஒரு வகைக் கேள்வி. அதற்கு அமெரிக்க நீதிமன்றங்கள் 1979-இலிருந்து பயன்படுத்தும் அளவுகோல் ஒன்று உண்டு: சான்றுகளை அரசுத் தரப்புக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டு பார்த்தால், அறிவுள்ள ஒருவர் குற்றம் நிரூபணமானது என்று முடிவுக்கு வர முடியுமா? முடியும் என்றால் சான்று போதுமானது. அந்தச் சாட்சியை நம்பலாமா, அதற்கு எவ்வளவு எடை என்பது இன்னொரு கேள்வி. அதைத் தீர்மானிப்பது விசாரணை நீதிபதி. தராசில் வைக்கத் தகுந்த கல்லா என்பது ஒன்று, வைத்தால் தட்டு இறங்குமா என்பது வேறொன்று. இந்தக் கல்லைத் தராசில் வைக்கலாம் என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

காகிதத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்பதை மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி டெரன்ஸ் ஓ'டானல் சுட்டிக்காட்டினார். பயிற்சி, சான்றிதழ், அனுபவம் என்ற மூன்றும் இருந்தால் போதும் என்று பொதுவிதியாகவே எழுதிவிட்டால், சாட்சியை நம்பாமல் ஒதுக்கும் விசாரணை நீதிபதியின் பங்கை அது மறைத்துவிடும் என்பது அவர் கவலை. நம்பத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட சாட்சியம் சில வழக்குகளில் தண்டனைக்குப் போதாமல் போகலாம், அதற்கு இடம் வேண்டும் என்றார். என் பார்வையில் சரியான இடத்தில் விரல் வைத்தவர் அவர்தான். ஒஹாயோவில் முதல்முறை வேக மீறல் மிகச் சிறிய குற்றம், அதிகபட்ச அபராதமே 150 டாலர். அதற்கு ஜூரி கிடையாது. ஒரே நீதிபதி, ஒரே போலீஸ் சாட்சி, எதிரே வக்கீல் வைத்துக்கொள்ளாத ஒரு ஓட்டுநர். அந்த அறையில் உச்ச நீதிமன்றத்தின் பொதுவிதி வந்து உட்கார்ந்தால், போதுமா என்ற கேள்வியும் நம்பலாமா என்ற கேள்வியும் ஒன்றாகக் கலந்துவிடும். காலையில் முப்பது சீட்டு வழக்குகளை முடிக்க வேண்டிய நீதிபதி இரண்டையும் தனித்தனியாக நிறுத்துப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது கடினம்.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். ரேடார் விழுந்தது சான்றிதழ் நகல் இல்லாததால். கண் நின்றது சான்றிதழ் பெற்றவர் என்று அவரே வாயால் சொன்னதால். கருவிக்குக் காகிதம் கேட்ட சட்டம், கண்ணுக்கு வாய்மொழியோடு நிறுத்திக்கொண்டது.

சட்டமன்றம் குறுக்கிட்டது

2011-இல் ஒஹாயோ சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. கருவியின் துணையில்லாத கண் கணிப்பை மட்டும் வைத்து, எண்ணால் குறிக்கப்பட்ட வேக வரம்பை மீறியதாக யாரையும் கைது செய்யவோ குற்றம் சாட்டவோ தண்டிக்கவோ கூடாது. ரேடார், லேசர், நிறுத்துக் கடிகாரம் எதையும் பயன்படுத்தலாம், வெறும் கண் மட்டும் கூடாது.

அதே பிரிவு ஒரு வாசலைத் திறந்தும் வைத்திருக்கிறது. சாலை நிலைமைக்குப் பொருந்தாத வேகத்தில் ஓட்டுவது தனிக் குற்றம். அதற்கு எண் கிடையாது. மழையில், மூடுபனியில், நெரிசலில் 'இது முறையான வேகமில்லை' என்று அதிகாரி தம் கண்ணை வைத்துச் சாட்சி சொல்லலாம், அதை வைத்துத் தண்டிக்கவும் செய்யலாம். இது நியாயமான பிரிப்பு என்றே எனக்குப் படுகிறது. 'ஆபத்தாக ஓட்டினான்' என்பது கண் சொல்லக்கூடியது. '70' என்பது கருவி சொல்ல வேண்டியது.

இந்தப் பிரிப்பை ஆங்கிலேயர்கள் நூறு ஆண்டுக்கு முன்பே செய்துவிட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். கார் என்பதே புதிதாக இருந்த காலத்தில் பிரிட்டனின் 1903-ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் வேக வரம்பை 20 மைல் என்று வைத்தது. கூடவே, வேகத்தைப் பற்றிய ஒரே சாட்சியின் கருத்தை மட்டும் வைத்து, வரம்பை மீறியதாக யாரையும் தண்டிக்கக் கூடாது என்றும் எழுதியது. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் அந்த விதி இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே தேவைப்படும் துணைச்சான்று பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பின்னால் ஓட்டிச்சென்ற அதிகாரி தம் வண்டியின் வேகமானியைப் பார்த்துச் சொன்னாலே போதும் என்று 1950-இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஆக, ஒரே ஆள்தான், ஆனால் கருத்தோடு ஒரு முள் காட்டிய எண்ணும் சேர்ந்திருக்க வேண்டும்.

நமது மோட்டார் வாகனச் சட்டம், 1988, இதே வழியில் வந்தது. அதன் 183-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் படித்தால் பார்பர்டன் வழக்குக்கே பதில் எழுதி வைத்தது போல இருக்கும். வண்டி சட்டவிரோத வேகத்தில் போனதாக ஒரே சாட்சி தம் கருத்தைச் சொன்னால், அதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது. ஒரு கருவியால் கிடைத்த மதிப்பீட்டின் அடிப்படையில் அந்தக் கருத்து அமைந்தது என்று காட்டினால்தான் தண்டனை. 2019 திருத்தத்தில் காருக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை அபராதம் கூடியபோதும் இந்த உட்பிரிவு தங்கிவிட்டது. சென்னைப் புறவழிச்சாலையில் நின்றுகொண்டு 'நான் பார்த்தேன், நூறுக்கு மேல் வந்தான்' என்று ஒரு காவலர் சொல்வது மட்டும் இங்கே வழக்குக்குப் போதாது.

கேமரா வந்த பிறகு கேள்வி காகிதத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த 167ஏ விதிப்படி, வேகத்தைப் பிடிக்கும் கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குற்றம் நடந்த பிறகு உரிய காலத்துக்குள் வண்டிக்காரருக்கு அறிவிப்பு போக வேண்டும். செலானை எதிர்த்து நீதிமன்றம் போகும் ஒருவர் முதலில் கேட்க வேண்டியது இவற்றைத்தான். பார்பர்டனில் ரேடாரைச் சாய்த்த அதே கேள்வி.

ஆனால் விபத்து வழக்குகளில் நம் ஊர்க் கதை வேறு. முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற வரி அச்சடித்தது போல வரும். அங்கே 183-ஆம் பிரிவு இல்லை, பார்த்தவர்கள் சொன்னதுதான் சாட்சி. 1998-இல் கர்நாடக லாரி விபத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இந்த வரியை நேராக எதிர்கொண்டது. வண்டி அதிவேகமாக வந்தது என்று சாட்சிகள் சொன்னார்கள், ஆனால் அதிவேகம் என்றால் என்ன என்று யாரும் விளக்கவில்லை. அது ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுச் சொல்லும் சொல், அதை மட்டும் வைத்து அஜாக்கிரதை என்று முடிவு கட்ட முடியாது என்று கூறி, ஓட்டுநரின் விடுதலையை உறுதி செய்தது. இன்றும் விபத்து வழக்கில் வாதாடும் வக்கீல்கள் சாட்சியிடம் முதலில் கேட்பது 'எத்தனை வேகம்?' என்றுதான். சாட்சி 'வேகமா வந்துச்சுங்க' என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். எண் சொல்லத் தொடங்கினால் 'உங்களுக்கு கார் ஓட்டத் தெரியுமா? எத்தனை அடி தூரத்திலிருந்து பார்த்தீர்கள்? முன்னாலிருந்தா, பக்கத்திலிருந்தா?' என்று நீளும்.

அந்த மூன்றாவது கேள்வியை அன்று பார்பர்டனில் அழுத்திக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்கு ஆவல் உண்டு. எப்படியானாலும் 2011 சட்டம் பின்னோக்கிப் பாயவில்லை. யாருடைய வழக்கால் சட்டம் மாறியதோ அந்த ஓட்டுநரின் பதிவில், கண் கணித்த 70 மைல் அப்படியே நின்றது.